கல்லில் ஒட்டிய ஒரு சதவீதம்

ஆம்லெட்டின் ஓரம் கருகுகிற வாசனை வந்ததும் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். இந்த வாசனைக்கு அம்மாவின் சிரிப்புதான் ஞாபகம் வரும்.

இதே ரெட்டிபாளையம் வீட்டில், சிமெண்டு ஆலைத் தூசி உள்ளே வராமல் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் அம்மா சமைப்பாள். அக்கா, நான், தம்பி மூவருக்கும் ஒரே பெரிய ஆம்லெட். கல்லிலேயே தோசைக் கரண்டியால் மூன்றாக வெட்டுவாள்.

ஒருநாள் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சதவீதம் நடத்தியிருந்தார்கள். “மூணுல ஒண்ணுன்னா முப்பத்து மூணு சதவீதம், கொஞ்சம் சொச்சம்” என்றாள்.

தம்பிக்குச் சொச்சம் புரியவில்லை. “மூணு பேருக்கும் சேத்தா தொண்ணூத்தொம்பதுதான வருது? மிச்சம் ஒண்ணு எங்கம்மா?”

“அது கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்குடா. நீ தின்னு” என்று சிரித்தாள் அம்மா.

நாங்கள் கை கழுவிய பிறகு அவள் கல்லைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அதிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிடுவாள்.

அக்கா இப்போது திருப்பூரில், தம்பி துபாயில். அம்மாவும் போய்விட்டாள். நூறு சதவீதத்தையும் என் தட்டில் சரித்துவிட்டு, ஒரு பிடி சோற்றோடு கல்லருகே போனேன். தம்பி வாங்கிக் கொடுத்த புது நான்ஸ்டிக் கல். அதில் எதுவுமே ஒட்டியிருக்கவில்லை.