அத்தைக்கு ஊர் செய்த சீர்

எங்கள் அத்தை துப்பாக்கி பிடித்தவர். அப்பாவின் அக்காவான அவர் மத்திய காவல் படையில் சேர்ந்து, பனியிலும் வெயிலிலும் எங்கெங்கோ காவல் நின்றவர். லீவில் வந்தால் தொப்பூர்ப் பக்கம் மாமாவின் ஊரில் பாதி நாள், இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதி நாள் இருப்பார். வந்ததும் முதல் வேலையாக எனக்குப் பேன் பார்ப்பார். தீவிரவாதி தப்பினாலும் தப்பலாம், அத்தையின் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு பேனும் தப்பாது.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், பொங்கல் லீவில் அத்தை வந்திருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு கருங்கல் தூண் தயாராகிக்கொண்டிருந்தது. நாட்டுக்காகப் படையில் பணியாற்றிய எங்கள் ஊர்க்காரர்களின் பெயர்களை அதில் வெட்டி, குடியரசு தினத்தன்று திறப்பதாக ஏற்பாடு. பட்டாளத்தில் சேர்ந்து ஒரே வருஷத்தில் ஊர் நினைப்பு தாங்காமல் ஓடி வந்தவருக்குக்கூட அதில் இடம் இருந்தது. அத்தைக்கு இல்லை.

அப்பா ஊர்ப் பெரியவரிடம் கேட்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பெரியவர் பாசமாகத்தான் சொன்னார்.

“கட்டிக் குடுத்துட்டோமேப்பா. இப்ப அது தொப்பூர்ப் பக்கத்து வூட்டுப் பொண்ணு. நாம பேரு போட்டா அந்த ஊர்க்காரங்க தப்பா நெனைப்பாங்க இல்ல?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அத்தையும் நானும் ஒரே வண்டியில் மாமாவின் ஊருக்குப் போனோம். அங்கேயும் இதே மாதிரி ஒரு தூண் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. மாமா கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார். அந்த ஊர்ப் பெரியவர்களும் தங்கமான மனிதர்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினார்கள்.

“மருமவள்னா எங்களுக்குப் பெருமைதாங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்தது கல்யாணத்துக்கு முன்னாடி இல்லீங்களா? அந்தப் பேரு பொறந்த ஊருக்குத்தான் சேரணும். அடுத்தவங்க பெருமை எங்களுக்கு எதுக்குங்க?”

இப்படி இரண்டு ஊரும் அத்தையைப் பெருந்தன்மையோடு ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தன. இரண்டு கல்லிலும் அவர் பெயர் இல்லாமல் போயிற்று.

திரும்பும்போது நெடுஞ்சாலையோரக் கடையில் பரோட்டா சாப்பிட நிறுத்தினோம். அத்தை சாப்பிடாமல் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

“விடுக்கா, கல்லுல பேரு இல்லாட்டி இப்ப என்னா?” என்றார் அப்பா.

“டில்லியில ஒரு நினைவுச் சின்னத்துல எனக்குக் கொஞ்ச நாள் டூட்டி போட்டாங்கடா. செவுரு பூரா பேரு. பொம்பளை பேரு ஒண்ணாவது இருக்குதான்னு தெனமும் தேடுவேன். கண்ணு வலிச்சதுதான் மிச்சம். நம்ம ஊர்லயாவது ஒண்ணு இருக்கட்டும்னு இருக்குது.” பிய்த்த பரோட்டாவை ஒதுக்கி வைத்துவிட்டு, “எனக்கு வேணும்டா,” என்றார்.

அத்தை தனக்கென்று எதையும் கேட்டு அப்பா அதுவரை பார்த்ததில்லை. அதன்பிறகு அப்பாவுக்கும் பரோட்டா இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அப்பா பெரியவரைப் போய்ப் பிடித்தார். இந்த முறை நியாயம் எதுவும் பேசவில்லை.

“பெரியப்பா, கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பொறந்த வூட்டுல இருந்து சீர் செய்யறோமா இல்லியா? போன வாரம் பொங்கலுக்குக்கூட செஞ்சோம். இத ஊரு செய்யற சீருன்னு வெச்சுக்குங்க.”

எங்கள் பக்கம் எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். பெண்ணுக்குச் சீர் கிடையாது என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. “இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா?” என்று பெரியவர் அப்பாவையே திட்டிவிட்டு, கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு அடியில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார். எல்லையில் நின்றதற்குக் கிடைக்காத இடம் இந்த ஊரில் பிறந்ததற்குக் கிடைத்துவிட்டது. அதைக் கேட்டு அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். “சீலை எடுத்துக் குடுத்தா கிழிஞ்சிரும். இது கெடக்கும், பரவால்ல,” என்றார்.

குடியரசு தினத்தன்று அத்தை சீருடையில் வந்தார். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்துத் தூணுக்கு முன்னால் கூட்டிப்போய், “எங்க, படி பாக்கலாம்,” என்றார். அப்போதுதான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் தெருவில் தினமும் கேட்கிற பெயர்கள். கடைசி வரி மட்டும் புதிதாக இருந்தது.

“இது யாரு அத்தை?” என்று கேட்டேன்.

எங்களுக்கு அவர் அக்கா, அத்தை. பெரியவருக்கு நம்ம பொண்ணு, அந்த ஊருக்கு மருமகள். அத்தனை நாள் நடந்த பேச்சில் அந்தப் பெயரை ஒருவர்கூட என் காதுபடச் சொல்லியிருக்கவில்லை.

அத்தை, “இன்னொரு வாட்டி படி,” என்றார். படித்தேன். “சத்தமா.” கத்திப் படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னபோது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான்தான் ஏதோ தப்பாகப் படிக்கிறேன் என்று பயந்துபோய், கல்லில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.