இத்தாலிப் படங்களும் ஒரு முறிந்த கையும்

போன கிழமை லுசேர்ணில் பழைய சாமான் கடைக்கு ஒரு மேசை விளக்குத் தேடிப் போனேன். மூலையில் பெட்டி நிறைய வீடியோ கசெட். மேலே கிடந்ததில் மீசைக்காரன் ஒருவன் துவக்கோடு நின்றான். எழுத்து இத்தாலி. திறந்து மணந்து பார்த்தேன். கடைக்காரி ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்தப் பிளாஸ்டிக் மணத்தோடு இத்தாலிக்காரன் பெப்பே நினைவில் வந்துவிட்டான். நான் சுவிசுக்கு வந்த புதிதில், ஒரு ஹோட்டல் குசினியில் அவன் சமையல்காரன், நான் கோப்பை கழுவுகிறவன். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் மூன்று மணித்தியால ஓய்வு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். மற்றவர்கள் ஏரிக்கரைக்குப் போவார்கள். நானும் என் அறையில் இருந்த மன்னார் செபமாலை அண்ணையும் பெப்பேயின் அறையில் படம் பார்ப்போம்.

எல்லாம் ஒரே கதைதான். ஒருவனின் மனைவியையோ தம்பியையோ கொன்றுவிடுவார்கள். பொலிஸ் கையை விரிக்கும். அவன் தானே துவக்கை எடுப்பான். எனக்குத் தெரிந்த இத்தாலி மொழி வசவுக்கு மட்டும் காணும். அந்தப் படங்களுக்கு அது போதும். கெட்டவன் விழுந்தால் பெப்பே கட்டிலில் குத்துவான். நாங்களும் குத்துவோம். பொலிஸ் உதவாது என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஊரில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

ஒரு காலை, மரக்கறி கொண்டுவரும் வான் சாரதி, பெட்டி இறக்கப் பிந்தியது என்று அண்ணையைத் தள்ளி விழுத்திக் கையில் மிதித்தான். மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு வந்த அண்ணை கட்டிலில் சாய்ந்தார். நான்தான் பழிவாங்கப் போவதாகக் கதைத்தேன். கத்தி தீட்டும் இரும்பைத் துணியில் சுற்றினேன். அடுத்த நாள் அவன் வரும் வாசலில் நிற்பதாக முடிவு. சொன்னால் சிரிப்பீர்கள், இருபது படம் பார்த்த வீரம்.

பெப்பே கண்டுவிட்டான். இரும்பை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தான். எனக்கும் அவனுக்கும் உடைந்த ஜெர்மன்தான்.

"படத்தில வாறவனுக்குப் பெர்மிட் தேவையில்லை. உனக்குத் தேவை."

எங்கள் அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. ஒரு அடிதடி விழுந்தால் திருப்பி அனுப்பக்கூடும். அப்போதுதான் உறைத்தது.

அன்று பெப்பே படம் போடவில்லை. எங்களைப் பொலிசுக்குக் கூட்டிப்போனான். அதிகாரி கதிரையைக் காட்டினார். நாங்கள் இருக்காமல் நின்றோம். கேட்க முதலே பெர்மிட்டை நீட்டினோம். என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணைக்கு ஜெர்மன் வராது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"படியில விழுந்திட்டன் எண்டு சொல்லு தம்பி. பேர் குடுத்தா வீட்டை வருவாங்கள்."

ஊரில் பொலிசில் பெயர் கொடுத்தவர்களின் வீட்டுக்கு இரவில் ஆள் வந்த கதை எனக்கும் தெரியும். அதிகாரி பேனையோடு காத்திருந்தார்.

"இங்க வரமாட்டாங்கள் அண்ணை. உள்ளதைச் சொல்லட்டோ?"

எனக்கும் நிச்சயமில்லை. ஆனாலும் அப்படிச் சொல்லிவிட்டேன். அண்ணை தன் கைக்கட்டைப் பார்த்தார்.

"ஓம். சொல்லு."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். அந்தச் சாரதி பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஒரு மாதம் அண்ணை கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டுப் படுத்தார். ஒருவரும் தட்டவில்லை. பிறகு கட்டில் சுவரோரம் போனது.

காலம் போய், பெப்பே ஓய்வு பெற்று இத்தாலிக்குப் போய்விட்டான். நாங்கள் இருந்த பணியாளர் வீட்டை இடித்துவிட்டார்கள். சீருடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறுகிற பழக்கம் எனக்கும் அண்ணைக்கும் இருந்தது. அது எப்போது போனது என்று தெரியவில்லை. போன மாதம் அண்ணை ரயில் நிலையத்தில் பொலிஸ்காரனை மறித்து வழி கேட்டார். விளங்கவில்லை என்று இன்னொரு தரமும் சொல்லச் சொன்னார்.