ஆர்மோனியத்தில் ஒரு ஜெர்மன் முன்னிசை

ஐம்பதுகளின் கடைசியில் வவுனியாவில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னத் தேவாலயத்தில் கால்மிதி ஆர்மோனியம் வாசிப்பேன். சபையில் முப்பத்தொரு பேர். கைக்குழந்தைகள் இரண்டைக் கழித்தால் இருபத்தொன்பது. என் வாசிப்போடு சேர்ந்து பாடியவர்களையும் எண்ணியிருக்கிறேன். நல்ல ஞாயிறுகளில் ஆறு.

போதகரும் எண்ணியிருக்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய நோன்பான லெந்து காலம் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீர் தாளத்தை எண்ணுறீர், சனத்தைப் பாக்கிறேல்லை. அவை ஒரு அடியை முடிக்க முதல் அடுத்த அடிக்குப் போயிடுறீர். இன்னும் நாலு ஞாயிறு பாப்பம். சனம் பாடாட்டி உபதேசியாரிட்டைக் குடுத்திடுவம்."

போதகருக்கு உதவியாளரான உபதேசியாருக்கு ஒற்றை விரலால்தான் வாசிக்கத் தெரியும். அந்த விரலிடம் தோற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்சம் மெதுவாக வாசித்திருந்தால் போதும். என் புத்தி அப்படி வேலை செய்வதில்லை. சபையை அசத்துவதென்று முடிவு செய்தேன். யாழ்ப்பாணத்தில் இரவல் வாங்கிக் கையால் பிரதிபண்ணிய ஜெர்மன் ஆர்கன் முன்னிசையொன்று என்னிடம் இருந்தது. ஒன்பது பக்கம், இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. லுத்தரன் மிஷனரிமார் தமிழுக்குக் கொண்டுவந்த ஒரு துக்கப் பாட்டின் மெட்டில் கட்டியது. அந்தப் பாட்டை நாங்களும் லெந்து காலத்தில் பாடுவோம். பாட்டின் நான்கு அடிகளும் அதில் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக வரும். அடிகளுக்கு இடையில் ஆர்கனின் மற்றக் குரல்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடும். யாரும் பாடுவதற்கல்ல, இருந்து கேட்பதற்கு. சனம் பாடவில்லை என்ற குறைக்கு நான் கண்ட மருந்து இது.

ஆர்கனில் கீழ்க்குரலைக் கால்களால் வாசிப்பார்கள். காற்றடிக்க வேறு ஆள் இருப்பார். எனக்கோ இரண்டு காலும் துருத்தி மிதிக்கவே போதாது. ஆகவே மனைவியைப் பக்கத்தில் இருத்தி, இடது ஓரத்துக் கட்டைகள் ஒன்பதில் இலக்கம் ஒட்டி, எண்பத்தாறு இலக்கங்களை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இதென்ன, என்னையும் பள்ளிக்கூடத்திலை சேத்திட்டியளே? பிழைச்சால் பிரம்போ?"

"பிழைக்காதை. அவ்வளவுதான்."

தேவாலயத்தில் பதினேழு பின்னேரம் பழகினோம். பிழைத்தது பெரும்பாலும் நான்.

நாலாவது ஞாயிறு, ஆராதனைக்கு முன்னர் வாசித்தேன். தொடக்கத்தில் சபை இருந்து கேட்டது. மெட்டின் முதல் அடி வந்ததும் முன்வரிசையில் இருந்த, பென்சன் எடுத்த மருத்துவிச்சி அம்மா எழும்பிப் பாடினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் எழும்பினார்கள். அடி முடிந்தது. ஆர்மோனியத்தின் குரல்கள் துரத்தி விளையாடின. சபை வாயை மூடிக்கொண்டு காத்து நின்றது. இரண்டாவது அடிக்கு மறுபடியும் பாடியது, முன்னதைவிட உரக்க. வேண்டாமென்று தலையை ஆட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தார்கள். மூன்றாவது அடியில் கீழ்க்குரல் நகராமல் நின்றது. திரும்பினால், ஐம்பத்திரண்டாவது இலக்கத்தில் விரலை அழுத்தியபடி என் மனைவியும் பாடிக்கொண்டிருக்கிறாள்!

என்னைத் தவிர இருபத்தெட்டுப் பேரும் பாடினார்கள்.

ஆராதனை முடிந்ததும் மருத்துவிச்சி அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெக்கப்படாதை தம்பி. நீ மெட்டைத் துலைச்சுப்போட்டுத் தேடினது எங்களுக்கு விளங்கினது. ஒவ்வொருக்காவும் தலை தெரிஞ்ச உடனை நாங்கள் பிடிச்சு இழுத்திட்டம். நாலும் சுகமாப் பிறந்திட்டுது."

பின்னால் போதகர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, மாஸ்டர். சனம் பாடினது. இனியும் நீரே வாசியும்."

தடுமாற்றமல்ல, அறுபத்துநான்கு தாளக்கட்டங்களில் ஒன்றுகூட என் கையில் பிசகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், எவரும் பாடக்கூடாத ஒன்றைத்தான் வாசித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

"ஓம் ஐயா," என்றேன். "அடுத்தமுறை துலைக்காமல் வாசிக்கிறன்."