மெத்தைக்குள் ஒரு லாடம்

இத்தாலியில், ஓர்பெதெல்லோ கடற்கழியில், தண்ணீரிலேயே ஏறி இறங்கும் விமானப் படகுகளின் தளத்தில் தையல்காரி ஸெல்மிராவைத் தெரியாதவர் கிடையாது. வயது நாற்பத்தெட்டு. பாய்மரத் துணி தைத்துக் காய்த்துப்போன கை, எட்டு ஊருக்குக் கேட்கும் வாய். புருஷன் ஃபோஸ்கோ கடலோடு போய்ப் பதினோரு வருஷம். அதற்கப்புறம்தான் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விமானிகள் உட்காரும் மெத்தை, என்ஜின் மேல் போர்த்தும் கித்தான் எல்லாம் அவள் தைத்ததுதான்.

1930 டிசம்பரில் பன்னிரண்டு விமானப் படகுகள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பிரேசிலுக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும் தேதி பதினேழு என்று பலகையில் எழுதினார்களோ இல்லையோ, ஊரே தோஷம் கழியக் கைக்கு எட்டிய இரும்பைத் தொட்டுக்கொண்டது. பதினேழு எங்களுக்கு ஆகாத எண். பதினேழாம் தேதி எங்கள் ஊரில் புதுத் தோணியைத் தண்ணீரில் இறக்க எவனும் துணிய மாட்டான். பெரிய அதிகாரிகளுக்கு யார் புத்தி சொல்வது?

ஸெல்மிரா வாயைத் திறக்கவில்லை, காரியத்தில் இறங்கினாள். லெப்டினன்ட் ருஜ்ஜேரோ மேல் அவளுக்குத் தனிப் பிரியம். "அக்கா, எனக்கு மட்டும் கொஞ்சம் மெத்துனு தைங்க, பிரேசில் ரொம்ப தூரம்" என்று பார்க்கும்போதெல்லாம் கெஞ்சுவான். அவன் முதுகு மெத்தையின் ஓரத்தில் ஒரு கழுதை லாடத்தைக் கம்பளியில் சுற்றி வைத்துத் தைத்துவிட்டாள். இரும்பு கூடவே இருந்தால் பதினேழு என்ன, பதினேழாயிரம் வந்தாலும் என்ன!

பதினாறாம் தேதி சாயங்காலம், திசைகாட்டிகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் ஒரேஸ்தே ஒரு மெக்கானிக்கைத் திட்டுவது அவள் காதில் விழுந்தது.

"ஸ்பேனரை ஏன்டா அங்க வெச்சே? இரும்பைக் கண்டா ஊசி திரும்பிடும். இங்க ஒரு இம்மி தப்புனா, நடுக்கடல்ல நாப்பது மைல் தப்பும். எண்ணெய் தீந்து விழ வேண்டியதுதான்!"

ஸெல்மிராவுக்குத் தான் தைத்து வைத்த லாடம் நினைவுக்கு வந்தது. கத்தரியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே படித்துறைக்கு ஓடினாள்.

"ஐயா, ஒரு தோணி குடுங்க. ருஜ்ஜேரோ தம்பியோட மெத்தையைப் பிரிக்கணும்."

"இப்பவா? பெட்ரோல் ஊத்திக் காவல் போட்டாச்சு. என்னம்மா ஆச்சு?"

"உள்ள லாடம் வெச்சுத் தெச்சுட்டேன்."

சார்ஜென்ட் நெற்றியில் அறைந்துகொண்டார். "அடிப்பாவி, நீதானா அது! அந்த மெஷின்ல மட்டும் ஊசி ரெண்டு டிகிரி கோணிக்கிட்டு நின்னுச்சு. அதைச் சரிக்கட்ட அரை நாள் விமானத்தையே மேடையில ஏத்திச் சுத்திச் சுத்தி என் இடுப்பு ஒடிஞ்சுது!"

"எடுத்துடறேன் ஐயா. அப்புறம் வேலையை விட்டுத் துரத்துங்க, பரவாயில்ல."

"எடுத்தே, தொலைஞ்சான்! அந்த மெத்தையோட சேத்துத்தான் ஊசியைச் சரி பண்ணி வெச்சிருக்கேன். இனிமே அது இருந்தாத்தான் வழி நேரா காட்டும். கத்தரியை உள்ள வை!"

கத்தரியை மடியில் போட்டுக்கொண்டு அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

"என் வீட்டுக்காரர் சட்டைப் பையில எப்பவும் ஒரு லாட ஆணி இருக்கும். பை கிழிஞ்சிருக்குன்னு தைக்கறதுக்கு நான்தான் எடுத்து வெச்சேன். திருப்பிப் போட மறந்துட்டேன். அன்னிக்குப் போனவர்தான்."

இதுவரை யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை.

மறுநாள் படகுகள் கிளம்பிப் போயின. அப்புறம் இருபது நாள் ஸெல்மிராவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. சார்ஜென்டின் கணக்கு எங்கேயாவது பிசகியிருந்தால்? ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளன்று தந்தி வந்தது. அதை எடுத்துக்கொண்டு சார்ஜென்டே தையல் கூடத்துக்கு வந்தார்.

"உன் ருஜ்ஜேரோ கடலைத் தாண்டிட்டான்மா. லாடம் காப்பாத்திடுச்சு!"

"சும்மா இருங்க ஐயா. இரும்பு என்ன காப்பாத்தும்? அது கொல்லத்தான் பாத்துச்சு. நீங்க இடுப்பு ஒடியச் சுத்துனதுதான் காப்பாத்துச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. இரும்பு காப்பாற்றாது. அப்படியானால் அன்றைக்கு அந்த ஆணி பையில் இருந்திருந்தாலும் ஃபோஸ்கோ திரும்பியிருக்க மாட்டான்.

தைத்துக்கொண்டிருந்த கித்தானில் முகத்தைப் புதைத்து ஸெல்மிரா வாய்விட்டு அழுதாள். பிரேசில் செய்தி கேட்ட சந்தோஷம் என்று நினைத்து மற்ற பெண்கள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "நான் கொல்லல, நான் கொல்லல" என்று அவள் சொன்னது அவர்கள் யாருக்கும் விளங்கவில்லை.