பனிக்குப் பூக்கும் அவரை

அவரைதான் வேண்டும் என்று அவள் சொன்னபோது ஆடிக் காற்று ஜன்னல் கதவைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து நுழைந்து கோயமுத்தூர்த் தெருக்களின் தூசியையெல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டும் காற்று. மருத்துவமனையிலிருந்து நாங்கள் திரும்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. என் மனைவிக்கு வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்கும் ஏறிவிட்டது, இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் அறைக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

"மொட்ட மாடி சும்மாதானுங்க கெடக்குது. எதாச்சும் காய் போடலாமுங்க" என்றாள்.

ஆயுசு முழுக்கப் பம்புசெட் விற்றவன் நான். எத்தனையோ கிணறுகளில் தண்ணீர் ஏற எந்த மோட்டார் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் எந்த வேருக்குப் போனது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆர்.எஸ்.புரத்தின் இந்த வாடகை வீட்டில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. ஆகவே போனை எடுத்துத் தேடினேன். எது சீக்கிரம் வரும் என்று தேடினேன்.

"கீரை போடலாம் அம்மணி. மூணு வாரத்துல பறிச்சுரலாமாம்."

"கீரை வேண்டாமுங்க. அவரை போடலாம்."

"அது எப்பக் காய்க்கும்?"

"அதுக்குப் பனி உழுகோணுமுங்க. மார்கழி ஆயிரும்."

ஜன்னலைப் பார்த்தபடிதான் சொன்னாள். "நம்ம மாடியில காய்ச்சத ஒரு வாய் உண்டுபோட்டு..." என்று இழுத்தாள். போனின் வெளிச்சம் என் கையிலேயே அணைந்தது. எனக்குத் தெரிந்தது எல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், இருக்கிற காய்களிலேயே தூரத்தில் நிற்பதைக் கை நீட்டிக் கேட்கிறாள்.

விதை பெருந்துறையிலிருந்து வந்தது. அவளுடைய அண்ணன் கொண்டுவந்தார். காரின் டிக்கியில் ஒரு சிமெண்ட் மூட்டை நிறைய மாட்டெரு, இன்னொன்றில் செம்மண், சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த விதை. கறுப்பு விதை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகம் கீறியதுபோல் ஒரு வெள்ளை வரி. இரண்டு பேரும் மூட்டையை மாடிக்கு ஏற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங் மாப்ள, இத்தன வருசம் மோட்டாரு வித்தீங்களே, ஒரு மூட்டைய ஏத்த முடியலையாக்கு?"

"மோட்டார் தண்ணியத்தான் ஏத்தும் மச்சான். எருவ நீங்கதான் ஏத்தோணும்."

அவள் அன்று மாடிப்படி ஏறி வந்தாள். பாதியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, வந்துவிட்டாள். நீலப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி வைத்திருந்தோம். விதையை நான் விரல் முழுக்கப் புதைத்தேன். அவள் சிரித்தாள். "கெணறு வெட்டறீங்களா? அதுக்கு மேல வரத் தெரியோணுமல்லோ" என்று தோண்டி எடுத்து, மண்ணுக்கு மேலாகவே வைத்து, தலையைத் தட்டிக்கொடுப்பதுபோல் மூடினாள். கீழே இறங்கும்போது அண்ணன் படியில் நின்றார். தங்கைக்குக் கேட்காத குரலில், "கீரை போட்டிருக்கலாமுங் மாப்ள" என்றார்.

முளைத்தது. மண்ணை முதுகால் தள்ளிக்கொண்டு, விதையின் தோலைத் தலையில் தொப்பிபோல் மாட்டிக்கொண்டு முளைத்தது. ஒரு செடி முளைப்பதை ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகப் பார்க்கிறவனுக்கு என்ன செய்வது என்று தெரியாது. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். காலையில் மாடி, மத்தியானம் மாடி, கடையிலிருந்து வந்ததும் செருப்போடு மாடி. கீழே வந்து அவளிடம் சொல்லுவேன், இன்றைக்கு இத்தனை இலை, இன்றைக்குக் கொடி நீட்டியிருக்கிறது, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். என் சொல் வழியாக அவள் மாடியில் இருந்தாள்.

எங்கள் ஊரில் அன்பைக் காட்ட எங்களுக்கு ஒரே வழிதான். வந்தவரை உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்று அவர் இலையைக் கையால் மறைத்தாலும், விரலிடுக்கு வழியாக ஊற்றுவோம். வயிறு நிறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டோம். அவள் உடம்போ சோற்றை வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தது. நான் கஞ்சியோடு நிற்பேன், ராகிக் கூழோடு நிற்பேன், இளநீரோடு நிற்பேன். ஒரு வாய், அம்மணி, ஒரே ஒரு வாய். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டால் அந்தக் கிண்ணத்தை வைத்துவிட்டு நான் மாடிக்கு ஏறுவேன். அங்கே கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த வாளி இருக்கும். புளித்து, நுரைத்து, தெருமுனைவரை நாறும். கீழே மறுக்கப்பட்டதையெல்லாம் நான் மேலே ஊற்றினேன். கொடி மறுக்கவே இல்லை. குடித்தது. இலைகள் என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, எண்ணெய் தேய்த்ததுபோல் கரும்பச்சையாக விரிந்தன. கம்பியில் படர்ந்த பந்தலுக்கு அடியில் வெயிலே விழவில்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, "காட்டையே கொண்டாந்துபோட்டீங்களே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐப்பசி மழை வந்தது, போனது. அவள் மாடி ஏறுவது நின்றது. பிறகு கூடத்துக்கு வருவதும் நின்றது. கொடியின் ஒரு கிளையைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எடுத்து, கயிற்றில் கட்டி, அவள் ஜன்னல்வரை தொங்கவிட்டேன். கார்த்திகை பிறந்தது. தீபமும் போனது. தெருமுனை வீட்டு வேலியில் யாரும் கவனிக்காத அவரை ஒன்று ஊதா ஊதாவாகப் பூத்திருந்தது. என்னுடையதில் இலை, இலை, இலை.

அன்று மத்தியானம் கிண்ணத்தோடு நின்றேன். அவள் ஜன்னலில் தொங்கும் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு என்னத்தைங்க ஊத்தறீங்க?"

"புண்ணாக்குத் தண்ணி."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும். கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "அட ஏனுங்க, தீனி போட்டே கெடுத்துபோட்டீங்க. தின்னுபோட்டுச் சும்மா படுத்துக் கெடக்குது பாருங்க. வயிறு காஞ்சாத்தானுங்க பூப்பூக்கும்."

பிறகு சிரிப்பு போய்விட்டது. என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "உட்டுருங்க. அதையும் உட்டுருங்க, என்னையும் உட்டுருங்க. முடியலீங்க எனக்கு."

நான் கிண்ணத்தைச் சமையல்கட்டில் வைத்தேன். மாடிக்குப் போய்ப் புண்ணாக்கு வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவளிடம் கேட்டுக்கொண்டு பாதி இலைகளைக் கிள்ளினேன், கிள்ளக் கிள்ளக் கை பச்சையானது. தண்ணீரையும் குறைத்தேன். ஊற்றாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு ஒரு டிரம்மின் முன்னால் நிற்பேன். கையைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டிலின் முன்னால் உட்காருவேன். அவள் கேட்டால் கொடுத்தேன். கேட்காதபோது கொடுக்கவில்லை. வீட்டில் அதுவரை இல்லாத ஓர் அமைதி வந்தது. அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்த நாட்களில்தான் நாங்கள் அதிகம் பேசினோம். கல்யாணத்துக்கு மறுமாசம் சென்னிமலைப் படியில் அவளை விட்டுவிட்டு நான் முன்னால் ஏறிப்போனதை எடுத்துவைத்துக்கொண்டு திட்டினாள். "மேல போய்த் திரும்பிப் பாத்தீங்களே, ஒரு முழி! பொண்டாட்டியத் தொலைச்சவனாட்டம்."

மார்கழிப் பனி இறங்கியது. கோலத்து ஈரம் காயாத ஒரு காலையில் ஜன்னல் கிளையின் நுனியில் ஒரு கொத்து. ஊதா. அவள்தான் முதலில் பார்த்தாள். நான் பதறிப்போய் விரலை நீட்டினேன்.

"கை நீட்டாதீங்க! வெம்பிப் போகும். மடக்கிக் காட்டுங்க."

மடக்கிக் காட்டினேன். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூ உதிர்ந்து பிஞ்சு வந்தது. பிஞ்சில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியது. சாம்பலைத் தூவினேன். கொஞ்சம் தப்பித்தது. அவளுக்கு அப்போதெல்லாம் பகலிலேயே பாதிநேரம் தூக்கம். பொங்கலுக்கு முதல்நாள் அவளே சொன்னாள், "போதுமுங்க, பறிங்க." ஒரு கைப்பிடிதான் இருந்தது. நார் உரிக்கத் தெரியாமல் உரித்தேன். கடுகு, ஒரு வரமிளகாய், உப்பு, கடைசியில் தேங்காய்த் துருவல். அவள் படுக்கையிலிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டுச் செய்தேன். வீடு முழுக்கப் பச்சை அவரையின் மணம் வந்தது.

முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தேன். நான் ஊட்டவில்லை. தட்டை மடியில் வைத்தேன். அவளே எடுத்தாள். ஒரு துண்டு. நெடுநேரம் மென்றாள். அவள் கண்கள் எதையோ தேடுவதுபோல் அறையைச் சுற்றின. அந்த மருந்துகள் அவள் நாக்கை எப்போதோ கொண்டுபோய்விட்டன என்று எனக்குத் தெரியும். சர்க்கரையும் மண்ணும் ஒன்று என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். விழுங்கினாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

நான் பிறகு தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டேன். அவள் சொல்லியும் உப்புப் போடவே மறந்திருந்தேன்.

தை முடிவதற்குள் போய்விட்டாள். அவரைக்கு அதெல்லாம் தெரியாது. தையில்தான் அதற்கு வெறி பிடித்தது. கொத்துக் கொத்தாக, கம்பி தொய்யத் தொய்ய, ஜன்னலை மறைத்துக்கொண்டு காய்த்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிய சாயங்காலம், அவள் அண்ணன் மட்டும் பந்தலடியில் என்னோடு நின்றார்.

"அம்மணி உண்டுச்சுங்களா மாப்ள?"

"உண்டுச்சு மச்சான்."

"என்ன சொல்லுச்சு?"

"நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சு."

அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். சற்று நேரம் கழித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்: "இத அப்பப்பப் பறிச்சுப்போடோணுமுங்க. கொடியிலயே முத்த உட்டா அப்பறம் பூக்காது."

சரி என்றேன். அவர் பையில் கொஞ்சம் பறித்துப் போட்டுக்கொடுத்தேன். பெருந்துறைக்குப் போனார்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கீழே வந்து யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. காய்கள் தடித்து, மஞ்சளாகி, தோல் சுருங்கிக் காய்ந்தன. நான் பறிக்கவில்லை. மாசி பாதியிலேயே பூ நின்றுவிட்டது.