பத்துக் குடம் கடல்

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் அப்பா என் வீட்டுக்காரருக்கு ஒரு கெடு வைத்தார். தீபாவளிக்குள் நிலையான உத்தியோகம் ஒன்று கிடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கேமராவை மூட்டை கட்டிவிட்டு அன்னூர்ப் பக்கம் எங்கள் பருத்தி அரைவை மில்லைப் பார்த்துக்கொள்ள வந்துவிட வேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் ஆசை. கோயம்புத்தூரில் ஒற்றை அறையில் போட்டோ மருந்து நாற்றத்தோடு குடித்தனம் நடத்தி அலுத்துப் போயிருந்தது. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தேன், ஒரு தடவை அல்ல.

அந்தச் சமயத்தில்தான் காலேஜ் வாத்தியார் ஒருவர், கடற்பறவைகள் அலைமேல் பறப்பதை அப்படியே படமெடுத்து வந்தால் காலேஜிலேயே போட்டோக்காரர் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. போத்தனூரில் ரயிலேறி, கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் அறை பிடித்தோம். நான் எதற்குப் போனேன் என்கிறீர்களா? தோணியில் அவர் எழுந்து நின்றால் இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

ஆவணிக் கடைசி. கடல் இன்னும் அடங்கவில்லை. நாங்கள் இரண்டு பேருமே அதுவரை ஏரிக்கு மேல் பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. ஓர் அலை தோணியைத் தூக்கியது, அடுத்தது தொப்பென்று போட்டது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள். ஆலா என்று அவர்தான் பேர் சொன்னார். தலைகீழாய் விழுந்து மீனோடு எழும்பின.

"உட்டுப்போடாத புள்ள, உட்டுப்போடாத!" என்று கத்திக்கொண்டே கேமராவைத் தூக்கினார்.

"ஏனுங்க, மொதல்ல உக்காருங்க!" என்று நான் அலறினேன்.

கொண்டுபோனது ஆறே ஆறு கண்ணாடித் தகடு. ஆறிலும் படமெடுத்து முடிப்பதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தார், அதில் ஒன்று என் மடியில். கரைக்கு வந்ததும், கடல் இன்னும் மோசமாகும், இனி வரமாட்டோம் என்று தோணிக்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள்.

அறையை இருட்டாக்கி, சிவப்பு விளக்கில் தகடுகளை மருந்தில் போட்டு எடுத்தார். பறவைகள் தகட்டில் நன்றாகவே விழுந்திருந்தன. அதோடு பாயில் சாய்ந்துவிட்டார். "நல்லா அலசிப்போடு அம்மணி. பத்துத் தண்ணி மாத்தோணும். தலை சுத்துது எனக்கு."

எங்கள் ஊர்ப்பக்கம் நல்ல தண்ணி குடிக்க; பாத்திரம் துலக்க, துணி அலச எல்லாம் உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணி. நல்ல தண்ணியில் எதையாவது கழுவினால் பக்கத்து வீட்டுக்காரியே சண்டைக்கு வந்துவிடுவாள். நாங்கள் அறை பிடித்திருந்த வீட்டுக் கிணறோ குனிந்தால் கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்திருந்தது. தண்ணீர் வாயில் வைத்தால் இளநீர்தான். அதைப் போய்க் கழுவக் கொட்டுவதா? எதிரே அவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்கிறதே! பத்துக் குடம் சுமந்து வந்து, பத்துத் தண்ணீர் மாற்றி அலசி, தகடுகளைச் சன்னலில் சாய்த்து வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு தகடுகளிலும் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. ஆலாவும் தெரியவில்லை, அலையும் தெரியவில்லை. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, வேணும்னே செஞ்சயா?"

ஐயோ! இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மில்லு மில்லு என்று நான் புலம்பிய புலம்பலுக்கு, அவர் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. "சத்தியமா இல்லைங்க. கழுவறதுக்கு எதுக்கு நல்ல தண்ணின்னு கடல்ல மொண்டுபோட்டேனுங்க" என்று ஓவென்று அழுதேன்.

அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, நல்ல தண்ணியின் அருமை தெரிந்தவர். சட்டென்று எழுந்தார். "அட, உப்புத்தான? கரைஞ்சாலும் கரையும். ஓடு, கெணத்துல சேந்து!"

சேந்தினேன். இடுப்பு ஒடிய ஒடிய, குடம் குடமாய் நல்ல தண்ணியைச் சேந்திக் கொட்டினேன். ஊரில் உள்ள சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். மூன்றாம் தண்ணீரில் வெள்ளை கலங்கியது. ஐந்தாம் தண்ணீரில் ஒரு சிறகு தெரிந்தது, பிறகு பிளந்த வால். தகட்டை வானத்துக்கு எதிரே பிடித்த அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. ஒன்றில் மட்டும் ஓரம் உரிந்திருந்தது. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. அப்பாடா என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நா அப்படிக் கேட்டிருக்கக் கூடாது அம்மணி" என்றார்.

நான் எழுந்துபோய் இன்னொரு குடம் நல்ல தண்ணி சேந்தி வந்தேன்.

காலேஜ் வேலை புரட்டாசியிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் என் வீட்டில் அதைச் சொல்லி, மில் வேண்டாம் என்று மாமனார் முகத்துக்கு நேரே மறுக்க அவருக்குத் தயக்கம். தீபாவளிக்குப் போனோம். இலை போட்டு உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார்: "ஏனுங் மாப்பிள்ளை, மில்லுக்கு எப்ப வாரீங்க?"

இவர் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தார். பரிமாறிக்கொண்டிருந்த நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவரு வரமாட்டாருங்கப்பா" என்றேன். "நானும் வரமாட்டேன்."