பெயர் இல்லாத ஏழு பேர்

மார்லிஸ் கோவாரிக் எங்கள் தியேட்டரின் டிக்கெட் கூண்டில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருந்தாள். தியேட்டர் என் அப்பா எனக்கு விட்டுப்போனது. ஒரே திரை, இருநூற்றுப் பத்து இருக்கைகள், அதில் பதினொன்று உட்கார லாயக்கில்லாதவை. நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஊர் போன்ற ஊர்களில் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்துக்கொண்டிருந்த காலம். எங்களுடையது அடைபடாமல் இருந்ததற்கு மார்லிஸ் ஒரு காரணம். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

அகலமான தோள், பெரிய கைகள், மெல்லிய குரல். காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, சாயங்காலம் என்னிடம். அவள் கணவன் கென் தானியக் கிடங்குக்கு லாரி ஓட்டினான். இருவரும் சேர்ந்து இருக்கும்போது மொத்தம் ஒரு மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதில் மார்லிஸுக்கு அலாதி ஆசை. படம் முடிந்து ஜனங்கள் முன்கூடத்துக்கு வரும்போது வாசல் பக்கம் போய் நின்றுகொள்வாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். சொன்னதைச் சொன்னபடியே ஒரு சின்ன அட்டையில் எழுதி, பாப்கார்ன் மேடைக்குப் பக்கத்திலிருந்த பலகையில் குத்தி வைப்பாள். பெயர் போடுவதில்லை, ஒரு சொல்லை மாற்றுவதும் இல்லை. அடுத்த நாள் வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். ஓமஹா நகரத்துப் பத்திரிகையில் வரும் விமர்சனத்தை எங்கள் ஊரில் யாரும் நம்பியதில்லை.

இரண்டாயிரமாவது வருடம் அக்டோபரில் மைதான ஓரத்தில் ஆடிப் பாடித் தங்கள் பள்ளியை உற்சாகப்படுத்தும் பெண்களைப் பற்றி ஒரு சியர்லீடிங் படம் வந்தது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பள்ளிகளின் அணிகள். ஒரு அணியின் பஸ் பழுதாகி, இரண்டும் ஒரே பஸ்ஸில் தேசியப் போட்டிக்குப் போகின்றன. வழியெல்லாம் சண்டை, கோழி வேஷம் போட்ட ஒருவன், கொஞ்சம் காதல், கடைசியில் இரண்டும் ஒரே அணியாக ஆடுகின்றன. அவ்வளவுதான் கதை. ஒரு வாரம் ஓட்டலாம் என்று வாங்கினேன்.

முதல் நாளே பலகை நிறைந்தது. எங்கள் ஊரில் சியர்லீடிங் பற்றிக் கருத்து இல்லாத ஆள் கிடையாது.

"சிரிச்சு சிரிச்சு கண்மை எல்லாம் கன்னத்துக்கு வந்துருச்சு."

"அந்தப் பிள்ளைங்களுக்கு முழுப் பாவாடை தைக்கத் துணி கிடைக்கலையா?"

"ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவைகூட கால்பந்தைக் காட்டல. என்ன பள்ளிக்கூடம் அது?"

பள்ளி அணியின் பயிற்சியாளர் ஜோலீன் பதினெட்டுப் பெண்களோடு வந்து ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தாள். வெளியே வந்து மார்லிஸிடம், "படத்துல காட்டுற மாதிரி ரெண்டு நாள்ல எவளாலும் அந்த ஆட்டத்தைக் கத்துக்க முடியாது. ரெண்டு மாசம் ஆகும். அப்பவும் ஒருத்திக்கு மூக்குல ரத்தம் வரும். ஆனா சிரிச்சேன். அதையும் எழுதிக்கோ" என்றாள்.

இறைச்சி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எமில் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். முதல் நாள் சொன்னது: "யாரும் சாகல. அதுவே நல்ல படம்." இரண்டாம் நாள்: "நேத்து சொன்னதேதான்." மூன்றாம் நாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோழியா வர்றவன் நல்ல நடிகன். மத்ததுங்க பரவாயில்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பலகையைப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு அட்டையில் நின்றுவிட்டேன்.

"பன்னெண்டு பேர் இருக்கிற அணியில மேல ஏறுற அஞ்சு பேருக்குப் பேர் இருக்கு. கீழ நின்னு தாங்குற ஏழு பேருக்குப் படம் முடியிற வரைக்கும் பேரே இல்ல. நான் எண்ணிப் பார்த்தேன்."

எல்லா அட்டையும் மார்லிஸின் கையெழுத்துதான். ஆனால் இதில் பேனா அழுத்தி எழுதியிருந்தது.

"இது யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"படம் பார்த்தவங்கதான்."

"யாருன்னு கேட்டேன்."

"பேர் போடுறதில்லையே, லீலண்ட்" என்றாள். சில்லறைப் பெட்டியைத் திறந்தாள், ஒன்றும் எடுக்காமல் மூடினாள். "நான்தான்."

பதினாறு வருடத்தில் அவள் தன் கருத்து என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் சியர்லீடராக இருந்தவள் என்பது எனக்குத் தெரியும். ஒரே பள்ளியில் நான் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே. ஒருத்தி மேல் ஒருத்தி ஏறி நிற்கும் பிரமிடில் எப்போதும் அடிவரிசை அவள். அவள் தோளில் ஏறி நின்றவள் ரோக்ஸான். ஊரே ரோக்ஸானைத்தான் பார்த்தது, நானும்தான். எழுபத்தெட்டாம் வருடம் லிங்கன் நகரில் நடந்த போட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நாங்களும் கூடவே போயிருந்தோம். ஆட்டத்தின் நடுவே ரோக்ஸான் கால் தவறி, தலைகீழாக விழுந்தாள். கூட்டம் முழுக்க ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தது. பிறகு பார்த்தால் ரோக்ஸான் எழுந்து நின்று சிரித்துக் கையசைக்கிறாள், கைதட்டல் கூரையைப் பிடுங்குகிறது. ரோக்ஸான் அதிர்ஷ்டவசமாகத் தப்பினாள் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. அவளுக்கு அடியில் பாய்ந்து ஏந்தியதில் மார்லிஸின் காறை எலும்பு முறிந்ததும், அதோடு மீதி ஆட்டத்தையும் அவள் ஆடி முடித்ததும் பத்திரிகையில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

ரோக்ஸான் பிறகு ஊரின் பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்தாள். இரண்டு பேருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. கடையில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே தலையாட்டியாயிற்று.

அந்த அட்டையைப் பற்றி யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். புதன்கிழமை, பட நேரத்துக்கு ரொம்ப முன்னால், ரோக்ஸான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் பலகை முன்னால் நின்று படித்தாள். பிறகு கூண்டுக்கு வந்தாள். நான் பாப்கார்ன் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

"அது நீ எழுதினதுதானே?"

"ஆமா."

"என்னைப் பத்தியா?"

"படத்தைப் பத்தி."

"மார்லிஸ், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "படத்தைப் பத்தித்தான். ஆனா படம் பார்க்கும்போது உன் நெனப்பு வந்துச்சு. அது பொய் இல்ல."

ரோக்ஸான் கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றினாள். "நான் உன்கிட்ட ஒரு தடவைகூட நன்றி சொல்லல."

"எனக்கு எலும்பு முறிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து விசாரிக்கவே இல்லையே."

"தெரியும். நீ என் காதுகிட்ட கத்தினே. எலும்பு உடைஞ்ச சத்தம்கூடக் கேட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் கையைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரம் போச்சு. ஒரு வருஷம் போச்சு. அதுக்கப்புறம் சொன்னா சிரிப்பா இருக்கும்னு விட்டுட்டேன்."

மார்லிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "இப்ப சொன்னா நான் சிரிக்க மாட்டேன்" என்றாள்.

"நன்றிடீ" என்றாள் ரோக்ஸான். சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள். ரோக்ஸான் அழவும் செய்தாள். நான் பாப்கார்ன் மேடையிலிருந்து காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் அவள் ஒரு அட்டை கேட்டாள். தானே எழுதி, தானே குத்தினாள். முதன்முறையாக அந்தப் பலகையில் ஒரு பெயர் வந்தது.

"எழுபத்தெட்டுல லிங்கன்ல நான் தப்பிச்சது அதிர்ஷ்டத்தால இல்ல. மார்லிஸ் கோவாரிக்கால. — ரோக்ஸான்."

மார்லிஸுக்கு அது பிடிக்கவில்லை. படத்தைப் பற்றியது இல்லை, பலகையில் இருக்கக் கூடாது என்றாள். தியேட்டர் என்னுடையது, இருக்கும் என்றேன்.

வியாழக்கிழமை மாலைக்குள் இன்னும் நாலு அட்டை. தபால் நிலையத்தில் இருக்கும் பெண் எழுதியிருந்தாள்: "எண்பத்து மூணு. அடிவரிசை, இடது ஓரம். ஷெரில்." கோழிப்பண்ணை வைத்திருக்கும் அம்மாள் தன் பெயரும் வருடமும் போட்டு, "படத்துல தாங்குறவளுங்க சிரிச்சுக்கிட்டே தாங்குறாங்க. நாங்க பல்லைக் கடிச்சோம்" என்று எழுதினார். ஜோலீனின் இப்போதைய அணியில் அடிவரிசையில் நிற்கும் டெஸ் என்ற பெண், "நடுவுல சிவப்பு ரிப்பன் கட்டினவ முழங்கால் நடுங்குது. மூணு தடவை பார்த்தேன். அவதான் எனக்குப் பிடிச்சவ" என்று எழுதினாள். அதைப் படித்துவிட்டு அந்தச் சிவப்பு ரிப்பனைப் பார்க்கவென்றே ஜனங்கள் திரும்ப வந்தார்கள். ஒரு வாரத்துக்கு வாங்கிய படம் மூன்று வாரம் ஓடியது, பெயர் போட்ட அட்டைகளும் கூடிக்கொண்டே போயின.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு, பலகையில் பெயர் எழுதிய பெண்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். மார்லிஸையும் சேர்த்துப் பதினான்கு பேர். சிவப்பு ரிப்பன் வந்தபோதெல்லாம் கைதட்டினார்கள். எமில் பின் வரிசையில் உட்கார்ந்து கோழிக்குக் கைதட்டினார்.

படம் முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முன்கூடத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். யாரோ, "ஒரு சின்ன பிரமிடு போடலாமா?" என்று கேட்டார்கள். ஜோலீன் முதலில் கூடாது என்றாள். பிறகு, நின்றபடி போடக் கூடாது, முட்டி போட்டுத்தான் போட வேண்டும் என்றாள். கம்பளத்தின் மேல் கிடந்த பாப்கார்னை நான் பெருக்கிக் கொடுத்தேன்.

அங்கேதான் சிக்கல் வந்தது. மார்லிஸ்தான் உச்சியில் ஏற வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

"வேண்டாம்" என்றாள் மார்லிஸ்.

"ஒரு தடவை ஏறு. நாங்க தாங்குறோம்" என்றாள் ரோக்ஸான். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இப்பவாவது நான் கீழ நிக்கிறேன்."

"எனக்கு மேல போக ஆசையே இருந்ததில்ல. அது உங்களுக்குப் புரியவே இல்ல." மார்லிஸ் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "கீழ இருந்தா யாரு பயப்படுறா, யாரு மூச்சை அடக்குறா, எல்லாம் தோள்லயே தெரியும். எனக்கு அது பிடிக்கும். பேர்தான் கேட்டேன். இடத்தை மாத்தச் சொல்லல."

அவள் போய்க் கம்பளத்தில் கையை ஊன்றி, தன் பழைய இடத்தில் முட்டி போட்டாள். ரோக்ஸான் முழங்கால் வலியோடு முனகிக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அடுத்தடுத்து எல்லோரும் கீழேயே குனிந்தார்கள். பார்த்தால் பதினான்கு பேரும் ஒரே வரிசையில் நாலு காலில் நிற்கிறார்கள், மேலே ஏற ஆளில்லை.

"இது பிரமிடு இல்ல, வேலி" என்றார் எமில்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் வேலி ஆட ஆரம்பித்தது. ஜோலீன் பெயர் சொல்லிப் பெயர் சொல்லி மூன்று பேரை மேலே ஏற்றினாள். உச்சிக்கு டெஸ்ஸைப் போகச் சொன்னாள். "எனக்கு உயரம்னா பயம், அதனாலதான் கீழ நிக்கிறேன்" என்றாள் டெஸ். "மூணரை அடி உயரம்தான், போ" என்றாள் ஜோலீன். டெஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினாள். மூன்று எண்ணும்வரை பிரமிடு நின்றது. நாலாவதில் ஷெரிலுக்குத் தும்மல் வந்து எல்லோரும் மெத்தென்று சரிந்தார்கள். யாருக்கும் அடி இல்லை. குவியலுக்குள்ளிருந்து மார்லிஸின் சிரிப்பு கேட்டது. அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அவளை அழைத்துப் போக வந்திருந்த கென் வாசலிலேயே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"நல்லா இருந்துச்சா?" என்று அவனைக் கேட்டேன்.

"இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றான்.

அடுத்த வாரம் நீர்மூழ்கிக் கப்பல் படம் ஒன்று வந்தது. யாருக்கும் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரோக்ஸான் வியாழக்கிழமைகளில் சீக்கிரமே வந்து, கூண்டுக்குள் இன்னொரு நாற்காலி போட்டு மார்லிஸோடு உட்கார ஆரம்பித்தாள். இருவரும் சேர்ந்தால் பாதி நேரம் டிக்கெட் கொடுக்க மறந்துவிடுவார்கள். நானே போய்க் கிழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கருத்துக் கேட்பதில் மட்டும் மார்லிஸ் ஒருநாளும் தவறவில்லை. நீர்மூழ்கிப் படம் மாறிய நாளில் பலகையில் மூன்றே அட்டைகள் இருந்தன. ஒன்று எமிலுடையது: "நிறையப் பேர் செத்துட்டாங்க." ஒன்று யாரோ பள்ளிப் பையனுடையது. மூன்றாவது இப்படி இருந்தது: "பாதியில தூங்கிட்டேன். சுகமா இருந்துச்சு. — மார்லிஸ்."